பி-4 இளவலின் மெய்க்கீர்த்தி

வருகிற ஜனவரி 26 அன்று, கொடியேற்றம் முடிந்த பிறகு, கேசரியும் வடையும் வருவதற்கு முன்னால், எங்கள் அடுக்ககத்தின் பி-4 வீட்டு இளவலுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று குடியிருப்போர் நலச் சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது. வாழ்த்துரை எழுதும் பெரும்பேறு எனக்கு வாய்த்தது. முன்பு பத்திரிகையில் வேலை பார்த்தவன் என்பதால் பொய் சொல்ல வராது என்று செயலாளர் என்னைத் தேர்ந்தெடுத்தார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவே இதை எழுதுகிறேன்.

மன்னர்கள் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லிக் கல்வெட்டின் முகப்பில் பொறிக்கும் மெய்க்கீர்த்தி என்றொரு மரபு நமக்கு உண்டு. அதை நிலைநிறுத்தியவன் இராசராச சோழன். நாடு பிடித்தவனுக்கே அது தகும் என்றால், பதினாறு வயதுக்குள் நாற்பத்தேழு சான்றிதழ் பிடித்த நம் பிளஸ் ஒன் பெருந்தகைக்குத் தகாதா? கருங்கல் கிடைக்கவில்லை. ஏ4 தாளில் பொறிக்கிறேன்.

முதலில் அன்னாரின் படைக்கொட்டில். போன ஞாயிற்றுக்கிழமை தந்தையார் என்னை அழைத்து வரவேற்பறையின் கண்ணாடி அலமாரியைத் திறந்து காட்டினார். அடடா! தொண்டைமானின் ஆயுதச் சாலையில் நெய் பூசி, மாலை சூட்டி, காவல் போட்டு வைத்திருந்த வேல்களைப் பார்த்து அவ்வை பாராட்டினாரே, அந்தக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. (அதியமானின் வேல்களைப் பற்றி அதே மூச்சில் அவர் என்ன சொன்னார் என்பது இந்த விழாவுக்குத் தேவையில்லாத செய்தி.) மேல்தட்டில் கோப்பைகள், பாலிதீன் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அடுத்த தட்டில் கராத்தே பெல்ட்டுகள், மஞ்சள் முதல் கறுப்பு வரை, புடவைக்கடையில் மடித்து வைத்ததுபோல. கீழே ஒரு கிதார், ஒரு ஜோடி ஸ்கேட்டிங் சக்கரம், விலைச்சீட்டு உரிக்கப்படாத சிலம்பக் கம்பு. ஒரு கீறல் இல்லை, ஒரு நசுங்கல் இல்லை. எந்த விளையாட்டையும் இத்தனை மென்மையாக விளையாடிய ஒருவரை நான் கண்டதில்லை. பயன்படுத்திப் பழசாக்குவது பாமரர் வழக்கம். புத்தம் புதிதாகவே தேர்ச்சி பெறுவது இளவலின் தனிச்சிறப்பு.

அடுத்து, உலக சாதனை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், ஒரு மைதானத்தில், ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சிலம்பம் சுற்றினார்கள். அதில் இளவலும் ஒருவர். எந்த வரிசையில் எந்த மூலையில் நின்றார் என்று வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தும் பெற்றோராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. சாதனை அவ்வளவு பிரம்மாண்டம். கட்டணம் கட்டியதும் டி-சர்ட், பதக்கம், சான்றிதழ் மூன்றையும் ஒரே பையில் போட்டு, கம்பைத் தூக்குவதற்கு முன்பே கையில் கொடுத்துவிட்டார்கள். கங்கையிலிருந்து தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் இராசேந்திரனுக்குக் கங்கைகொண்டான் என்ற பட்டம். நம் இளவலுக்குப் பட்டம் முதலில், கங்கை பிறகு. உலகத்துக்கு இந்தச் சாதனையைப் பற்றி இன்றுவரை தெரியாது. அது உலகத்தின் குறை.

இசையில் அன்னார் அடைந்த உயரம் சாதாரணமானதல்ல. கீபோர்டில் லண்டன் தேர்வு ஐந்து நிலை தாண்டியிருக்கிறார். ஒரு நிலைக்கு மூன்று உருப்படி. ஐந்து நிலைக்குப் பதினைந்து உருப்படி. அந்தப் பதினைந்தையும் பிசிறில்லாமல் வாசிப்பார். நான் ஆசைப்பட்டு, ஏதாவது ஒரு இளையராஜா பாட்டு வாசியேன் தம்பி என்றேன். பணிவு மாறாமல் சொன்னார்: “அது சிலபஸ்ல இல்ல அங்கிள்.” பதினாறாவது உருப்படி என்ற சபலமே அண்டாத உள்ளம்! தியாகையருக்கும் தீட்சிதருக்கும் இந்தக் கட்டுப்பாடு இருந்திருந்தால் பாடத்திட்டம் எத்தனை கச்சிதமாக இருந்திருக்கும்.

சதுரங்கத்துக்கும் அருள் பாலித்தார். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நம் சென்னைப் பிள்ளை குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார். மறுநாளே பி-4 வீட்டுக்கு ஒரு சதுரங்கப் பலகையும் ஒரு பயிற்சியாளரும் வந்து சேர்ந்தார்கள். குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டார் என்ற செய்தியைத் தந்தையார் படிக்காமல் இல்லை. அந்த வரியை மட்டும் தாண்டிப் படித்தார். மூன்று மாதத்தில் ஒரு போட்டி, ஒரு பங்கேற்புச் சான்றிதழ். அத்தோடு பலகை அலமாரிக்குப் போனது. ஆனந்த் முதல் குகேஷ் வரை தலைமுறை தலைமுறையாக அதே அறுபத்துநான்கு கட்டத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். இளவலுக்கு ஒரு பருவம் போதுமாயிருந்தது.

இனி அன்னார் காலத்தை வென்ற கதை. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரு பொது விண்ணப்பம் இருக்கிறது. பாடத்துக்கு வெளியே பிள்ளை என்ன செய்கிறது என்று சொல்ல அதில் 10 கட்டங்கள். ஒவ்வொன்றின் விவரத்துக்கும் 150 எழுத்துக்கு மேல் இடமில்லை. வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் எழுத வேண்டும். விண்ணப்பிக்க இன்னும் பல மாதம் இருக்கிறது. ஆனால் பத்துக் கட்டமும் இப்போதே நிரம்பிவிட்டன. “இப்பல்லாம் மார்க் மட்டும் பத்தாது சார், புரொஃபைல் வேணும்” என்று சொல்லியபடியே தந்தையார் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். நான் பழைய பழக்கத்தில் கூட்டிப் பார்த்தேன். பள்ளி 48 மணி நேரம். டியூஷன் 20. தூக்கம் நாளுக்கு ஏழு என்று 49. பத்துக் கட்டங்களின் கூட்டுத்தொகை 64. ஆக 181. வாரத்துக்கு ஆண்டவன் கொடுத்தது 168. குளியல், சாப்பாடு, அடையாறு சிக்னல் ஆகியவை இன்னும் கணக்கில் வரவில்லை. கணவனுக்காகச் சூரியனை உதிக்கவிடாமல் நிறுத்தினாள் நளாயினி. அதுகூட ஒரே ஒரு விடியலைத்தான். இளவல் வாராவாரம் பதின்மூன்று மணி நேரத்தைப் படைத்து, அதைச் சமூகத்துக்கே அர்ப்பணிக்கிறார்.

அந்தப் பொது விண்ணப்பத்தில் குடும்பப் பொறுப்புகளையும் எழுதலாம்: பாட்டியைப் பார்த்துக்கொள்வது, வீட்டு வேலை, கடையில் நிற்பது எதுவானாலும் சரி. இதை நான் மெல்ல எடுத்துச் சொன்னேன். அம்மையார் சிரித்துவிட்டார். சாப்பிட்ட தட்டை எடுத்துத் தொட்டியில் போடும் இழிநிலை தம் பிள்ளைக்கு இன்றுவரை வந்ததில்லை என்றார். உண்மை. சேவை என்பது வாசலுக்கு வெளியே தொடங்குவது. வீட்டுக்குள் செய்தால் அதற்குப் பெயர் வேலை.

வாசலுக்கு வெளியே அன்னார் செய்திருப்பதைச் சொல்ல நாவு ஒன்று போதாது. பதினைந்தாம் வயதில் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். நிறுவனர்–தலைவர், இளவல். செயலாளர், தாயார். பொருளாளர், தந்தையார். சின்னம் வரைந்தாயிற்று, இணையதளம் கண்டாயிற்று, நோக்கம் மட்டும் கல்லூரி விண்ணப்ப ஆலோசகர் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தொடக்கப் பணியாக, பாதி எழுதிய பழைய நோட்டுகளில் எஞ்சிய வெள்ளைத் தாளைப் பிரித்துத் தைத்து, நாற்பது நோட்டுகளாக ஓர் அரசுப் பள்ளிக்கு வழங்கினார்கள். அறிக்கையில் பயனாளிகள் 412 பேர் என்றிருக்கிறது. அது அந்தப் பள்ளியின் மொத்த மாணவர் எண்ணிக்கை. ஒரு நோட்டு கொடுத்தால் பார்த்தவருக்கெல்லாம் பயன் என்பது எத்தனை விசாலமான பார்வை! விழாப் பதாகையில் இடமும் தேதியும் அச்சிடவில்லை. எந்த ஊருக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். அறம் காலத்தைக் கடந்தது என்பதை இதைவிடச் சிக்கனமாக யார் சொல்ல முடியும்?

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது. ‘நான் அல்ல, நீ’ என்பது அதன் தாரக மந்திரம். இந்த மந்திரத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தவர் நம் இளவல் ஒருவரே. பெட்டிகளைத் தூக்கியவர் டிரைவர். நோட்டு தைத்தவர் தையற்கடைக்காரர். அறிக்கை எழுதியவர் தாயார். படம் எடுத்தவர் தந்தையார். தாளில் கண்டபடி மணி நேரம் மட்டும் இளவலுக்கு. நான் அல்ல, நீ!

மெய்க்கீர்த்தியில் தோல்விகளைச் சொல்வது வழக்கமில்லை. ஆயினும் உண்மை விளம்பி என்ற பெயரைக் காப்பாற்ற இரண்டு சிறு சறுக்கல்களைக் குறிப்பிட்டாக வேண்டும். அவற்றிலிருந்து அன்னார் மீட்கப்பட்ட விதத்தில்தான் பெற்றோரின் பெருமை துலங்குகிறது.

முதல் சறுக்கல் முதியோர் இல்லத்தில். இளவலின் பிறந்தநாளுக்கு மதிய உணவு வழங்கப் போயிருந்தார்கள். நானும் காரில் இடம் இருந்ததால் போனேன். நல்ல முகூர்த்த நாள். நாங்கள் போவதற்குள் இரண்டு குடும்பங்கள் வந்து பரிமாறிவிட்டுப் போயிருந்தன. மூன்றாவது முறையாக இலை போட்டபோது பெரியவர்கள் மறுக்காமல் உட்கார்ந்தார்கள். படத்துக்குக் கை தூக்கச் சொன்னதும் தூக்கினார்கள். நன்கு பழகியவர்கள். ஒரு பாட்டி மட்டும் இளவலின் கையைப் பிடித்து, “நீ சாப்ட்டியா கண்ணு?” என்று கேட்டுவிட்டார். நிகழ்ச்சி நிரலில் இல்லாத கேள்வி. இளவல் தடுமாறி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாட்டி பெரம்பூர்க்காரர். வீட்டுக்காரர் பின்னி மில்லில் இருந்தாராம். அந்தப் பக்கம் போய் ரொம்ப நாளாச்சு, பஸ்ஸெல்லாம் எங்க மாறணுமோ தெரியல என்றார். “மாற வேணாம் பாட்டி. இங்கேர்ந்து 29சி நேரா பெரம்பூர் போகுது” என்றார் இளவல். பிறகு வழியில் வரும் நிறுத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். பத்து நிமிடம் ஓடிவிட்டது. தந்தையார் கடிகாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்ததால் மட்டுமே ஆபத்து விலகியது. அந்தப் பத்து நிமிடத்தைப் படம் எடுக்கவில்லை. பத்துக் கட்டங்கள் எதிலும் அது சேரவில்லை. வாரத்துக்குப் பதின்மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்திருப்பவருக்குப் பத்து நிமிட நஷ்டம் பெரிதல்ல என்று சபையோர் மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது சறுக்கல் பழையது. நான்காம் வகுப்பில் அன்னாருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பால்கனியில் நின்று பஸ் பார்ப்பார். பெசன்ட் நகர் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் எல்லா வண்டிகளும் அத்துபடி. 29சி எங்கே போகும், 23சி அயனாவரத்துக்கு எந்த வழியாகப் போகும் என்று கேட்காமலே சொல்வார். ஒரு பழைய டைரியில் ஸ்கெட்ச் பேனாவால் ஊரையே வரைந்து வைத்திருந்தார்: ஒரு தடத்துக்கு ஒரு நிறம், இரண்டு தடங்கள் சந்திக்கும் இடத்தில் சின்ன வட்டம். எந்த நிறுத்தத்தில் நிழற்குடை இல்லை என்பதற்குக் குடைபோல ஒரு குறி. குடைக்கு மேல் ஒரு பெருக்கல் அடையாளம். இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கட்டணம் இல்லை, சீருடை இல்லை, நிலைகள் இல்லை. இப்படியே விட்டிருந்தால் பையன் எங்கே போய் நின்றிருப்பான் என்று நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

நல்லவேளையாக ஆலோசகர் வந்தார். டைரியை இரண்டு பக்கம் புரட்டினார். “இதுக்கு ஏதாவது சர்டிபிகேட் இருக்கா?” என்று கேட்டார். இல்லை. “லெவல், மெடல் எதுவும்?” இல்லை. டைரியை மூடி, டீப்பாயின் மீது வைத்து, அதன் மேல் தன் காபி டம்ளரை வைத்தார். பேஷன் (தீரா ஆர்வம்) என்ற பகுதிக்குத் தாமே ஒன்றைப் பரிந்துரைத்தார்: நகர்ப்புறப் போக்குவரத்தும் நீடித்த வளர்ச்சியும். இணையவழி வகுப்பு, எட்டு வாரம், முடிவில் சான்றிதழ், ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தனிக் கட்டணம். பஸ் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து மீட்டு, போக்குவரத்துக்கு உயர்த்திய அந்த மாமனிதரின் மதிநுட்பத்தை என்னவென்று சொல்வது! டைரி அந்த மாதமே பழைய பேப்பரோடு போனது. எடை போட்டதில் கால் கிலோகூட இல்லை என்று அம்மையார் சொன்னார்.

அந்த மீட்பின் பலன் இன்று கண்கூடு. உனக்கு என்னப்பா பிடிக்கும் என்று நான் கேட்டால் இளவல் சட்டென்று பதில் சொல்வதில்லை. தந்தையாரின் முகத்தைப் பார்க்கிறார். பிறகு, “லீடர்ஷிப்” என்கிறார். பதினாறு வயதில் இத்தகைய அடக்கம் தவம் செய்தாலும் கிட்டாது.

பள்ளியின் பங்கையும் மறக்கலாகாது. அவர்கள் கால அட்டவணையில் பி.டி. பீரியட் என்று ஒன்றை அச்சிட்டு, அதைக் கணக்கு ஆசிரியரின் பாதுகாப்பில் ஒப்படைத்திருக்கிறார்கள். இதனால் மைதானத்துப் புல்லுக்கு ஓர் ஊறும் இல்லை. ஆண்டுதோறும் மரம் நடு விழாவும் உண்டு. இளவல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நட்டிருக்கிறார், நான்கு படங்களும் இருக்கின்றன. நான்கிலும் பின்னால் அதே சுற்றுச்சுவர், அதே விரிசல். ஆக நான்கும் அதே குழி. புதுக்குழி தோண்டிப் பூமாதேவியை வருத்தாத பெரும் கருணை!

இந்தப் பாராட்டு விழாச் சூழலில் ஒரே ஒரு மனக்குறை. எங்கள் அடுக்ககத்தின் பி-1 வீட்டில், இளவலின் வயதையொத்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் போக்கு சரியில்லை. ஜனவரி பிறந்துவிட்டால் ஏப்ரல் வரை, வார இறுதி இரவுகளில் பங்குனி ஆமை முட்டை தேடிக் கடற்கரை மணலில் நடப்பவர்களோடு அவளும் அப்பாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நடக்கிறாள். 1988-ல் மாணவர்களே தொடங்கிய முயற்சி அது. இன்னமும் நடந்துகொண்டே இருக்கிறார்கள் என்பதிலிருந்தே இலக்கு ஏதும் இல்லாதவர்கள் என்று தெரிகிறது. முட்டைகளை நாய்க்கும் மனிதருக்கும் எட்டாமல் எடுத்து வந்து, வேலி போட்ட மணலில் புதைத்து, பொரிந்ததும் கடலில் விடுவார்களாம். பொரிந்த குஞ்சு வெளிச்சம் எங்கே அதிகமோ அங்கே போகுமாம். அலையின் மினுக்கம் என்று எண்ணித் தெருவிளக்கை நோக்கி ஏறி வந்துவிடுமாம். அதைத் திருப்பிக் கடல் பக்கம் விட ஆள் வேண்டுமாம். வெளிச்சத்தை நோக்கி விரையும் இளங்குருத்தைத் திருப்பி விடுவது எப்பேர்ப்பட்ட பாதகம்! பி-4 பெற்றோர் இருந்திருந்தால் இன்னும் இரண்டு விளக்கு போட்டிருப்பார்கள்.

இத்தனை இரவு நடந்ததற்கு அத்தாட்சியாக என்ன வைத்திருக்கிறாய் அம்மா என்று ஒரு நாள் லிஃப்ட் வாசலில் கேட்டேன். யோசித்தாள். “ஒண்ணும் இல்ல அங்கிள். கால்ல மணல்தான்” என்றாள். அந்தக் காலோடுதான் படி ஏறினாள். துப்புரவுப் பணியாளரிடம் செயலாளர் அன்றே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சபையோரே! ஜனவரி 26 காலை ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்கு வாருங்கள். இளவலுக்குப் பொன்னாடை, நினைவுக் கேடயம், நாற்பத்தெட்டாவது சான்றிதழ். கேடயத்தின் பாலிதீன் உறையைப் பிரிக்க வேண்டாம் என்று சங்கத்திடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பி-1 பெண்ணை அழைத்தோம், வர இயலாதாம். அவள் சைக்கிள் உப்புக் காற்றில் செயின் துருப்பிடித்து பங்ச்சர் கடையில் கிடக்கிறது. ஷட்டில் மட்டை நரம்பு அறுந்து, கட்டக் கொடுத்திருக்கிறது. செருப்பு, வார் பிய்ந்து, பஸ் நிறுத்தத்தில் தைப்பவரிடம் இருக்கிறது.